தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வரி போட்டால்

புதிதாக வந்து ஸ்காபரோவில் வீடெடுக்கும் எம்மவர்கள், கட்டில் மெத்தை வாங்க முன்னரே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, இங்கே நல்ல பிறைவேற் ஸ்கூல் எது?" காசு கட்டிப் படிப்பித்தால்தான் நல்ல படிப்பு என்ற எண்ணம் எங்களோடு சேர்ந்தே விமானம் ஏறி வந்துவிட்டது. கொழும்பில் இருந்து வந்தவர்களுக்கு இன்ரநஷனல் ஸ்கூல் ஞாபகம். தமிழ்நாட்டு முகாமில் இருந்து வந்தவர்களுக்கு மற்றிக்குலேஷன் பள்ளி ஞாபகம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்களுக்கு ரியூற்றறி இல்லாமல் படிப்பே இல்லை.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. வன்னியில் ஓ.எல். சோதனையோடு படிப்பு நின்றது. இப்போது பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை. ஆனால் இரண்டு பிள்ளைகளின் தகப்பன் என்பதாலும், வருடா வருடம் எங்கள் வீட்டு வரிப் பத்திரத்தை நானே நிரப்புகிறவன் என்பதாலும், பள்ளிக் கட்டணத்தையும் வரியையும் பற்றி வேலைத்தலத்தில் என்னிடம் கேட்பார்கள். சென்ற வருடம் இந்தப் பேச்சு கூடிவிட்டது. காரணம் இலண்டன்.

இலண்டனில் எங்களில் யாருக்குத்தான் சொந்தக்காரர் இல்லை? ஹரோவில் இருக்கும் என் மாமாவின் மகன் தொலைபேசியில் எடுத்தால் முதலில் சுகம் விசாரிப்பார், பிறகு அரசியல். 2025 தை மாதத்துக்குப் பிறகு முதலிலேயே பள்ளிக் கட்டணம்தான். "மச்சான், மகளின்ர பில்லிலயும் வற் போட்டுட்டாங்கள்" என்றார். கடையில் வாங்கும் சாமானுக்குப் போடுவது போலப் பிள்ளையின் படிப்புக்கும் வரியா என்று அவருக்குக் கோபம். அவர் பணக்காரர் அல்ல. பெற்றோல் நிலையத்தில் பகல் வேலை, இரவில் டெலிவரி ஓடுகிறார்.

நடந்தது இதுதான். 2024 ஜூலை 4ஆம் திகதித் தேர்தலில் தொழிற்கட்சி பிரித்தானியாவில் ஆட்சிக்கு வந்தது. தனியார் பள்ளிகளுக்கு இருந்த வற் விலக்கை எடுத்துவிடுவோம் என்று தேர்தலுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஜூலை 29ஆம் திகதி நிதி அமைச்சர் றேச்சல் றீவ்ஸ் அறிவித்தார்: 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 வீதம் வற். வரி வரமுன் இரண்டு மூன்று வருடக் காசை ஒன்றாகக் கட்டித் தப்பிவிடலாம் என்று நினைத்தவர்களுக்கும் வழி அடைக்கப்பட்டது. அறிவித்த நாளுக்குப் பின் கட்டிய காசு, 2025 தையில் தொடங்கும் தவணைக்கோ அதற்குப் பிந்திய தவணைக்கோ உரியது என்றால் அதற்கும் வரி. 2025 சித்திரையில் இருந்து இங்கிலாந்தில் தர்ம ஸ்தாபனமாகப் பதிந்த தனியார் பள்ளிகளுக்கு இருந்த கட்டட வரிச் சலுகையும் போய்விட்டது. இந்தக் காசில் அரசாங்கப் பாடசாலைகளுக்கு 6,500 புதிய ஆசிரியர்களைச் சேர்ப்போம் என்பது அரசின் வாக்குறுதி.

இருபது வீதம் என்றால் கட்டணம் இருபது வீதம் ஏறவேண்டும் என்பதில்லை. ஒரு பள்ளி 15,000 பவுண் வாங்குகிறது என்று வைப்போம். 20 வீதம் என்றால் 3,000 பவுண். ஆனால் வரி அறவிடத் தொடங்கிய பள்ளி, தான் கட்டடத் திருத்த வேலைக்கும் கணினிக்கும் மேசை கதிரைக்கும் கொடுத்த வற்றை அரசிடம் இருந்து திருப்பிக் கேட்கலாம். அந்த மிச்சத்தைப் பெற்றோருக்கு விட்டுக்கொடுத்தால் கட்டணம் 15 வீதம் அளவில்தான் ஏறும், அதாவது 2,250 பவுண். அரசு சராசரியாக 10 வீதம்தான் ஏறும் என்று கணக்குப் போட்டது. தனியார் பள்ளிகளின் சங்கம் 2025இல் வெளியிட்ட கணக்கில் பகல் மாணவர் கட்டணம் ஒரு வருடத்தில் 22.6 வீதம் ஏறியிருந்தது. ஒவ்வொரு வருடமும் பள்ளிகள் தாங்களாகவே ஏற்றுகிற கட்டணமும் அதற்குள் இருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது. எங்கள் கடைக்காரரும் எச்.எஸ்.ரி. வந்த நேரத்தில் விலையையும் சேர்த்து ஏற்றியது போலத்தான்.

பிள்ளைகள் எத்தனை பேர் விலகினார்கள்? நீண்ட காலத்தில் 37,000 பிள்ளைகள் தனியார் பள்ளியை விட்டுப் போவார்கள் அல்லது சேராமலே விடுவார்கள் என்று அரசு எதிர்பார்த்தது. முதல் கணக்கெடுப்பு 2025 தையில் எடுக்கப்பட்டது. அதில் இங்கிலாந்துத் தனியார் பள்ளி மாணவர் தொகை முந்திய வருடத்தைவிடச் சுமார் 11,000 குறைந்திருந்தது. மொத்தம் ஐந்து லட்சத்து எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளில் 11,000. இரண்டு பக்கமும் இதே எண்ணைக் காட்டித்தான் வாதாடுகின்றன. எதிர்த்தவர்கள் "பார்த்தீர்களா, ஓடுகிறார்கள்" என்றார்கள். ஆதரித்தவர்கள் "பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, பிள்ளைப் பிறப்புக் குறைந்ததும் ஒரு காரணம்" என்றார்கள். வரி தொடங்கி மூன்று கிழமைக்குள் எடுத்த கணக்கு அது. நடுவருடத்தில் பிள்ளையைப் பிடுங்கி வேறு பள்ளியில் விட எந்தத் தாய்தகப்பனும் விரும்பமாட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை ஆறாம் வகுப்புக்கு அங்கே அனுப்பாமல் விடுவார்கள். ஆகவே முழுப் பலனும் தெரியச் சில வருடம் எடுக்கும்.

அரசுக்கு இது நட்டமா இலாபமா என்பதும் இதில்தான் தங்கியிருக்கிறது. ஒரு பிள்ளை தனியார் பள்ளியை விட்டு அரசாங்கப் பாடசாலைக்கு வந்தால் அரசுக்கு வருடத்துக்குச் சுமார் 8,000 பவுண் செலவு. இலண்டனில் உள்ள நிதி ஆய்வு நிறுவகம் 2023இல் கணக்குப் பார்த்து, வரியாலும் கட்டட வரிச் சலுகையை நீக்குவதாலும் அந்தச் செலவு போக 130 கோடி முதல் 150 கோடி பவுண் வரை மிஞ்சும் என்றது. தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான். காசு மிஞ்சும் என்ற கணக்கை நான் நம்புகிறேன். பெரிய பணக்காரர் இருபது வீதத்துக்காகப் பிள்ளையை மாற்றமாட்டார்கள்.

மாற்றுகிறவர்கள் யார்? என் மச்சானைப் போல இரண்டு வேலை செய்து விளிம்பில் நின்று கட்டுகிறவர்கள். நீதிமன்றத்துக்குப் போனவர்களைப் பார்த்தாலே தெரியும். ஈற்றன் போன்ற பெரிய பள்ளிகள் அல்ல, குறைந்த கட்டணம் வாங்கும் சிறிய கிறிஸ்தவப் பள்ளிகளும், சமயப் பள்ளியில் பிள்ளையை விட்ட பெற்றோரும், விசேட கவனிப்புத் தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோருமே வழக்குப் போட்டார்கள். 2025 ஜூன் 13ஆம் திகதி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வரி போடுவது பாராளுமன்றத்தின் உரிமை என்ற முடிவு. விசேட தேவையுள்ள பிள்ளையை உள்ளூராட்சிச் சபையே தனியார் பள்ளிக்கு அனுப்பினால் சபை வற்றைத் திரும்பப் பெறலாம். பெற்றோர் தாங்களாகக் கொண்டுபோய் விட்டிருந்தால் அவர்களேதான் கட்டவேண்டும். எனக்கு இந்த இடம் சரியாகப் படவில்லை. பேசத் தடுமாறும் ஒரு பிள்ளைக்காகச் சிறிய பள்ளி தேடிப்போன தாயையும், குதிரையோட்டம் பழக்கும் பள்ளிக்கு அனுப்பும் கோடீஸ்வரரையும் ஒரே தராசில் வைத்துவிட்டார்கள். பள்ளி வருடத்தின் நடுவில் தொடங்கியதும் பிழை. புரட்டாதியில் தொடங்கியிருக்கலாம்.

இப்படி வரி போட்ட முதல் நாடு பிரித்தானியா அல்ல. நியூசிலாந்தில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 15 வீத வரி வழக்கமாக இருக்கிறது. கிரேக்கத்தில் 2015ஆம் ஆண்டு கடன் நெருக்கடியில் 23 வீத வற் போடச் சட்டம் கொண்டுவந்து, எதிர்ப்புத் தாங்காமல் சில மாதத்திலேயே கைவிட்டார்கள். இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.ரி. இல்லை, ஆனால் பெரிய கோச்சிங் சென்ரர்களுக்கு 18 வீதம்.

எங்கள் ஊரில் என்ன நடந்தது?

இலங்கையில் வரி போடவில்லை, கட்டணத்தையே நிறுத்தினார்கள். 1945 ஒக்ரோபரில் கன்னங்கராவின் இலவசக் கல்வி வரும்வரை ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்றால் காசு. காணியை ஈடுவைத்து மூத்த மகனை மட்டும் படிப்பித்த கதைகள் எங்கள் பேரன் பேர்த்தி காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தன. பிறகு 1960, 61இல் சிறிமாவோ அரசு உதவி பெறும் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றது. யாழ். இந்துக் கல்லூரியும் ஹாட்லிக் கல்லூரியும் அரசிடம் போயின. சம்பத்திரிசியார், பரியோவான், யாழ்ப்பாணக் கல்லூரி போன்றவை தனியாராகவே நின்றன. ஆனால் தனியாராக நிற்கலாம், மாணவரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பதுதான் சட்டம். பழைய மாணவரின் நன்கொடையிலும் திருச்சபையின் தயவிலும் அந்த வருடங்களை ஓட்டினார்கள். பின்னாளில் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றபிறகுதான் மூச்சு வந்தது.

அதன் பலனைப் பாருங்கள். வாசலால் போகாத காசு பின் கதவால் போயிற்று. கட்டணம் வாங்கும் பள்ளி இல்லாத இடத்தில் ரியூற்றறி வளர்ந்தது. 1977க்குப் பிறகு இன்ரநஷனல் ஸ்கூல்கள் கல்வி அமைச்சின் கீழ் வராமல் கம்பனியாகப் பதிந்து தொடங்கின. அப்படி இருந்தும் இலவசக் கல்வி இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் ஓ.எல். வாசலைக்கூடக் கண்டிருக்கமாட்டோம். இலண்டனிலும் இதே போக்கு வரும் என்று நினைக்கிறேன். பள்ளிக் கட்டணத்துக்கு வற் உண்டு. தனியொரு ஆசிரியர், யாருக்கும் கீழ் வேலை செய்யாமல், தானாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிப் பாட ரியூசனுக்கு வற் இல்லை. கிங்ஸ்ரனில் உள்ள ரிபின் பள்ளி போன்ற அரசாங்கக் கிறாமர் பள்ளிகளுக்கு எங்கள் ஆட்கள் ஏற்கனவே சனி ஞாயிறு ரியூசன் வைத்து அடிபடுகிறார்கள். என் மச்சானும் இப்போது மகனுக்கு அந்தச் சோதனைக்குத்தான் புத்தகம் வாங்கியிருக்கிறார்.

ஒன்ராறியோவில்

இங்கே தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு எச்.எஸ்.ரி. இல்லை. மாகாணப் பாடத்திட்டப்படி நடத்தும் பள்ளி வகுப்புக்கு விலக்கு உண்டு. அந்தப் பாடத்திட்டத்தைத் தொடரும் கணக்கு, விஞ்ஞான ரியூசனுக்கும் விலக்கு உண்டு. ஆனால் வரி இல்லை என்பதால் உதவி உண்டு என்று நினைக்கவேண்டாம். பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா, சஸ்கச்சுவான், மனிற்றோபா, கியூபெக் ஆகிய மாகாணங்கள் தனியார் பள்ளிகளுக்கு ஓரளவு காசு கொடுக்கின்றன. ஒன்ராறியோ ஒரு சதமும் கொடுப்பதில்லை.

கத்தோலிக்கப் பாடசாலைகள் மட்டும் வேறு கதை. 1867ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 93ஆம் பிரிவு அவற்றுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 1984இல் முதல்வர் பில் டேவிஸ் உயர்வகுப்புகளுக்கும் முழுக் காசு தருவதாக அறிவித்தார். மற்றச் சமயத்தவர் சும்மா இருக்கவில்லை. யூத, கிறிஸ்தவப் பெற்றோர் போட்ட வழக்கை 1996இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. 1999இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, கத்தோலிக்கருக்கு மட்டும் கொடுப்பது பாகுபாடு என்று சொன்னது. ஒன்ராறியோ காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு தரம் மாத்திரம் கதவு கொஞ்சம் திறந்தது. 2001 மே மாத வரவு செலவுத் திட்டத்தில், மைக் ஹரிஸ் ஆட்சியில், நிதி அமைச்சர் ஜிம் பிளாஹேற்றி தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வரிக் கழிவு கொண்டுவந்தார். முதல் 7,000 டொலரில் பாதி, அதாவது 3,500 டொலர் வரை, ஐந்து வருடத்தில் படிப்படியாக. வரி கட்டாத குறைந்த வருமானக் குடும்பத்துக்கும் அந்தக் காசு கைக்கு வரும் விதமாகச் செய்திருந்தார்கள். முதல் வருடமான 2002க்கு 10 வீதம், ஆகக்கூடியது 700 டொலர். அவ்வளவுதான். 2003 ஒக்ரோபரில் டால்ரன் மக்கின்ரியின் லிபரல் கட்சி வென்றதும், அந்த வருடம் ஜனவரி 1 முதலே செல்லாது என்று முன்தேதியிட்டு ரத்துச் செய்தார்கள். அதை நம்பி அந்த வருடம் பிள்ளையைச் சேர்த்த பெற்றோரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பிறகு 2007 தேர்தலில் ஜோன் ரோறி எல்லாச் சமயப் பள்ளிகளுக்கும் காசு தருவேன் என்றார். அவர் கட்சியும் தோற்றது, தன் தொகுதியில் அவரும் தோற்றார். பிறகுதான் ரொறன்ரோ மேயர் ஆனார். அன்றில் இருந்து எந்தப் பெரிய கட்சியும் அந்த வாக்குறுதியோடு தேர்தலுக்குப் போகத் துணியவில்லை.

இங்கும் இலண்டனைப் போல வரி வந்தால் எங்களுக்கு என்ன ஆகும் என்று தேநீர் இடைவேளையில் ஒருநாள் கணக்குப் போட்டோம். எங்கள் லைனில் வேலைசெய்யும் ஒரு அக்கா மகளைத் தனியார் பள்ளியில் விட யோசிக்கிறார், வருடத்துக்கு 15,000 டொலர். (அப்பர் கனடா கொலிஜ் போன்ற இடங்கள் 40,000 டொலரைத் தாண்டும், அது எங்கள் பேச்சே அல்ல.) 2025 ஒக்ரோபர் முதல் ஒன்ராறியோவின் ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 17.60 டொலர். 15,000 டொலர் என்றால் 852 மணித்தியால வேலை, கழிவுகள் எதுவும் எடுக்க முன்னர். கிழமைக்கு நாற்பது மணிப்படி இருபத்தொரு கிழமை. அதில் 13 வீதம் வரியும் சேர்ந்தால் இன்னும் 1,950 டொலர், கிட்டத்தட்ட மூன்று கிழமை வேலை. அக்கா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "வரி இல்லாமலே எனக்கு ஐந்து மாதம் போகுதே" என்றார்.

அவர் சொன்னதுதான் முக்கியம். எங்களைப் போன்றவர்களுக்கு வரி வருமா வராதா என்பது இரண்டாவது கேள்வி. அந்த ஐந்து மாதச் சம்பளத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒன்ராறியோவில் தனியார் பள்ளி நடத்த அரசின் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. கட்டாய வயதுப் பிள்ளைகள் ஐந்து பேரையோ அதற்குக் கூடுதலாகவோ வைத்து, வருடந்தோறும் கல்வி அமைச்சுக்கு ஓர் அறிவித்தல் அனுப்பினால் நடத்தலாம். உயர்தர வகுப்புக் கிறெடிற் கொடுக்கும் பள்ளிகளைத்தான் அமைச்சு வந்து பார்வையிடும். ஆசிரியர் தகைமை பெற்றவராக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நல்ல பள்ளிகள் பல இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோட்டும் ரையும் உடுப்பாட்டுவதை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

நாங்கள் ஏற்கனவே காசு கட்டிவிட்டோம் என்பதையும் பலர் அறிவதில்லை. வீட்டு வரியில் கல்விக்கென்று ஒரு பங்கு போகிறது. சமீப வருடங்களில் வீட்டின் மதிப்பீட்டில் 0.153 வீதம், அதாவது 500,000 டொலர் மதிப்பிட்ட வீட்டுக்கு 765 டொலர். வாடகைக்கு இருப்பவரும் வாடகைக்குள் அதைக் கட்டுகிறார். பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பினாலும் இது குறையாது. "இரண்டு தரம் கட்டுகிறோம்" என்று தனியார் பள்ளிப் பெற்றோர் சொல்வது இதைத்தான். அது நியாயமான கவலை. என் அபிப்பிராயம் வேறு. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் படிப்பது பொதுப் பாடசாலையில். மாகாணத்திடம் மிஞ்சும் காசு அங்கே இங்கிலிஷ் பழக்கும் ஈ.எஸ்.எல். ஆசிரியருக்குப் போகட்டும்.

தனியார் பள்ளியில் ஏற்கனவே பிள்ளையை விட்டிருப்பவர்கள் வரிப் பத்திரம் நிரப்பும்போது சில விடயங்களைக் கவனியுங்கள். பள்ளிக் கட்டணத்தைப் பல்கலைக்கழகக் கட்டணம் போலக் கழிக்க முடியாது. ஆனால் சமயப் பள்ளி என்றால், சமய போதனைக்குரிய பங்கை நன்கொடையாகக் கணக்கிட்டுப் பற்றுச்சீட்டுத் தர இடமுண்டு. பள்ளிக்கு முன்னும் பின்னும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கட்டணத்தைத் தனியாகப் பிரித்துத் தந்தால், அது பிள்ளைப் பராமரிப்புச் செலவில் வரலாம். விசேட தேவையுள்ள பிள்ளைக்கு வைத்தியரின் அத்தாட்சி இருந்தால் பள்ளிச் செலவு மருத்துவச் செலவாகவும் வரலாம். மூன்றுக்கும் பள்ளி தரும் கடிதம் வேண்டும், பங்குனி மாதத்தில் ஓடாமல் முன்பே கேட்டு வாங்குங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் ஒன்றைத் தனியாரிடம் காசுக்கு எடுத்தால் புள்ளி கூடும் என்று விளம்பரம் வரும். சில பல்கலைக்கழகத் துறைகள் வழமையான பகல் பள்ளிக்கு வெளியே எடுத்த பாடம் எது, ஏன் என்று விண்ணப்பத்திலேயே கேட்கின்றன. பள்ளிச் சபைகளின் கோடைப் பள்ளியில் அதே கிறெடிற்றைக் காசு கட்டாமல் எடுக்கலாம்.

புதிதாக வந்தவர்கள் இன்னும் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். அகதி விண்ணப்பம் முடிவாகாத குடும்பத்தின் பிள்ளைக்கும் பொதுப் பாடசாலை இலவசம். பெற்றோருக்கு இங்கே சட்டப்படி இருக்க அனுமதி இல்லை என்பதற்காகப் பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று ஒன்ராறியோ கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவு சொல்கிறது. கேஸ் முடியும்வரை பள்ளியில் எடுக்கமாட்டார்கள், அதுவரை எங்களிடம் காசு கட்டிப் படிப்பியுங்கள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் இருந்து கத்தோலிக்க உயர்பாடசாலையிலும் மற்றச் சமயப் பிள்ளைகள் கட்டணமின்றிச் சேரலாம். சைவப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். பதிவுக்குப் போகும்போது பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தடுப்பூசி அட்டை, வீட்டு விலாசம் காட்டும் கடிதம், ஊரில் படித்த பள்ளியின் அறிக்கை இருந்தால் அதுவும் கொண்டுபோங்கள். இங்கிலிஷ் தெரியாவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள்.